பின்னி மில் சுவரும் கண்ணகி நகர் சுவரும்

திருவான்மியூரிலிருந்து தெற்கே இரண்டு சாலைகள் போகின்றன. கடலை ஒட்டிப் போவது ஈ.சி.ஆர். டைடல் பார்க் பக்கம் போவது ஓ.எம்.ஆர். ஈ.சி.ஆர். பக்கம் கலை இருக்கிறது. ஊருக்குள்ளேயே கலாக்ஷேத்ரா. 1936இல் அடையாறில் ருக்மிணி தேவி தொடங்கி, பிறகு திருவான்மியூர் மணல்மேட்டுக்கு வந்து தோப்பாக வளர்ந்து, 1993இல் பார்லிமெண்டில் தனிச் சட்டமே போட்டு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கப்பட்டது. இன்னும் கீழே போனால் 1966இல் ஓவியர் பணிக்கரும் கூட்டாளிகளும் அமைத்த சோழமண்டலம். அதற்கும் கீழே 1996இல் திறந்த தட்சிணசித்ரா. ஓ.எம்.ஆர். பக்கம் போனால் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள், பெருங்குடிக் குப்பைமேடு, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கலை ஒரு ரோட்டில், ஜனங்கள் ஒரு ரோட்டில். நடுவில் பக்கிங்காம் கால்வாய். சாக்கடை என்றால் எல்லோருக்கும் புரியும்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நான் இப்போது கொஞ்ச நாளாகக் காதில் விழுகிற ஒரு பேச்சைப் பற்றி எழுதுகிறேன். மூடிக் கிடக்கிற மில்லுகளையும் கோடவுன்களையும் ஷெட்டுகளையும் 'கம்யூனிட்டி ஆர்ட்ஸ் ஸ்பேஸ்' ஆக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சு. நல்ல யோசனைதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் 'கம்யூனிட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் நம்ம ஆளுங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தாசில்தார் ஆபீஸ். கம்யூனிட்டி சர்டிஃபிகேட் வாங்க எத்தனை நடை நடந்திருக்கிறோம்! இந்த நாட்டில் கம்யூனிட்டி என்றால் சாதி என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. ஆகவே, எந்தக் கம்யூனிட்டிக்கு இந்த ஸ்பேஸ் என்று நாம் கேட்டால் அது வம்புக்குக் கேட்பது ஆகாது.

உலகத்துக் கதையைச் சொல்லித்தான் இந்தப் பேச்சை ஆரம்பிப்பார்கள். லண்டனில் தேம்ஸ் கரையில் மூடிப்போன மின்நிலையம் 2000இல் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடம் ஆனது. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து நிலக்கரிச் சுரங்கம் 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. பெய்ஜிங்கில் 798 என்று நம்பர் போட்ட தொழிற்சாலை ஓவியர்களின் பேட்டை ஆனது. இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பிரேசிலில் சாவோ பாவ்லோவில் ஒரு டிரம் ஃபாக்டரி. பறை என்று நினைத்துவிட வேண்டாம், எண்ணெய் ஊற்றி வைக்கிற இரும்பு டிரம். அதைக் கலை, விளையாட்டு நிலையமாக மாற்றித் தரும்படி 1977இல் லினா போ பார்தி என்ற பெண் கட்டடக் கலைஞரிடம் கொடுத்தார்கள். அவர் முதல் தடவை போனபோது வெறும் ஷெட்டு. ஒரு சனிக்கிழமை போனபோது உள்ளே பிள்ளைகள் ஓடுகிறார்கள், பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், ஒரு மூலையில் பொம்மலாட்டம் நடக்கிறது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே அக்கம்பக்கத்து ஜனங்கள் ஏற்கெனவே அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இது இப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் திட்டத்துக்கே அஸ்திவாரம். செங்கல் சுவரை இடிக்கவில்லை. உள்ளே நூலகம், நாடக அரங்கு, பட்டறைகள், மலிவு விலைச் சாப்பாட்டுக்கூடம். 1982இல் திறந்து, 1986இல் பக்கத்தில் விளையாட்டுக் கோபுரங்களும் எழுந்தன. நடத்துகிற அமைப்புக்குப் பணம், கம்பெனிகள் தங்கள் சம்பளப் பட்டியலிலிருந்து கட்டாயமாகக் கட்டுகிற வரியிலிருந்து வருகிறது. முதலாளி மனமிரங்கிக் கொடுத்த நன்கொடை இல்லை அது. நம்ம ஊர்ப் பேச்சாளர்கள் லினாவின் கட்டடத்துப் படத்தைக் காட்டுவார்கள், அந்த வரியைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில் மூடிப்போன தொழிற்கூடம் என்றால் பின்னி மில். பெரம்பூர், புளியந்தோப்பு. பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில்ஸ் என்பது முழுப் பெயர். திருவான்மியூரில் ஓடுகிற கால்வாய்க்கும் அந்த மில்லுக்கும் ஒரே பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் இந்த மாகாணத்தைத் தின்ற 1876–78இல் சென்னையில் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டை அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டினார்கள். பசியில் எலும்பும் தோலுமாக வந்தவன் மண்வெட்டி பிடித்து வெட்டியது அது. பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்கள் யார் என்று நாம் ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை. நிலம் இல்லாதவன்தான் முதலில் வெளியேறுவான்.

மில்லின் கதையில் 1918 ஏப்ரல் எல்லோருக்கும் தெரியும். சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம், வாடியா, திரு.வி.க. இதற்குச் சிலை உண்டு, விழா உண்டு, மாலை உண்டு. 1921ஐப் பேசத்தான் தொண்டை கட்டிக்கொள்கிறது. அந்த வருஷம் மே மாதம் கர்நாடிக் மில்லில் தொடங்கிய தகராறு ஜூனில் பக்கிங்காம் மில்லுக்கும் பரவி, அக்டோபர் வரை இழுத்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குப் போனார்கள். சங்கத்தின் கண்ணில் அவர்கள் கருங்காலிகள். எம்.சி. ராஜா வேலைக்குப் போகச் சொன்னார். நாலு மாசம் கடன் கொடுக்க ஆள் இல்லாதவன், ஊர்க்கிணற்றில் தண்ணி எடுக்க விடாதவன் 'தோழா' என்று கூப்பிட்டதும் ஓடி வருவானா? ஜூன் கடைசியில் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் எரிந்தன. திருப்பி அடியும் விழுந்தது. ஆகஸ்டில் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. பின்னி மில் காக்கி ட்ரில் துணிக்குப் பேர் போனது. சுட வந்தவன் உடம்பிலும் காக்கிதான், எந்தத் தறித் துணியோ.

குடிசை இழந்த ஆதி திராவிடர்களை அரசாங்கம் வியாசர்பாடியில் முகாம் போட்டு வைத்தது. அப்போதுதான் நீதிக்கட்சித் தலைவர் சர். பி. தியாகராய செட்டியார், இந்தத் தொல்லைக்கு முடிவாக ஆதி திராவிடர்களை நகரத்தை விட்டே அப்புறப்படுத்திவிடலாம் என்ற யோசனையை முன்வைத்தார். எம்.சி. ராஜாவுக்கும் நீதிக்கட்சிக்கும் இருந்த உறவு முறிய இதுவும் ஒரு காரணம். யோசனை சொன்னவர் பெயரில்தான் தியாகராய நகர் இருக்கிறது. அப்புறப்படுத்தப்பட வேண்டியவர்கள் பெயரில் நகரம் ஏதும் இல்லை. இருப்பது கண்ணகி நகர். மதுரையை எரித்தவள் பெயரை, குடிசை இழந்தவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடத்துக்கு வைத்த அதிகாரியின் நகைச்சுவை உணர்வை நான் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

மில் 1996இல் மூடப்பட்டது. என் தாய்மாமன் அதில் நூற்புப் பகுதியில் இருந்தவர். "சங்கு ஊதுனாத்தான்டா நம்ம தெருவுல உல கொதிக்கும்" என்பார். சங்கு நின்ற பிறகும் கொஞ்ச நாள் விடியக்காலையில் எழுந்து உட்கார்ந்துகொள்வாராம். பஞ்சு ஏறின நெஞ்சு, பேச்சுக்கு நடுவில் இருமல்தான் அதிகம். அவருக்கு வரவேண்டிய பணத்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

மூடிய மில்லுக்குள் முதலில் நுழைந்த கலை சினிமா. கதாநாயகன் ஒத்தையாளாக நின்று இருபது பேரை அடித்து இரும்புப் பீப்பாய் மேல் தூக்கிப் போடுகிற கோடவுன், வில்லன் கதாநாயகியைக் கட்டிப்போடுகிற ஷெட்டு, துறுப்பிடித்த தூண், உடைந்த கண்ணாடி வழியாக விழுகிற சாய்ந்த வெளிச்சம். தமிழ் ரசிகன் பின்னி மில்லை எத்தனை தடவை பார்த்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. என் மாமா டி.வி.யில் பார்த்துவிட்டு, "இது நம்ம கார்டிங்கு டிபார்ட்மெண்ட்டுடா" என்று சொன்னதுண்டு. அவர் கண்ணுக்கு அது தெரிந்தது. கேமராவுக்கு வெறும் பாழடைந்த இடம்தான் தெரிந்தது. தொழிலாளியின் தடயமே இல்லாத பாழ் என்றால்தான் அழகு வருகிறது. சாய்ந்த வெளிச்சத்துக்கு அழகியல் உண்டு, பஞ்சுத் தூசிக்குக் கிடையாது.

பிறகு அந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. விவாதமே முடிந்துபோயிற்று. மும்பையிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் நடந்த மில் வேலைநிறுத்தம் நொறுங்கி, பரேலிலும் லோயர் பரேலிலும் மில் நிலமெல்லாம் கைமாறியது. ஃபீனிக்ஸ் மில் இன்றைக்கு ஷாப்பிங் மால். அதன் புகைபோக்கியை மட்டும் அழகுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், தாலி அறுத்த பிறகு பொட்டை மட்டும் விட்டுவைத்த மாதிரி. ஆனால் அந்த மில் தெருக்களில் கலை இல்லாமலா இருந்தது? மாங் சாதியில் பிறந்து, கால்நடையாக மும்பை வந்து, மில்லிலும் வேலை பார்த்த அண்ணாபாவ் சாத்தே 1944இல் அமர் ஷேக்கோடும் கவாண்கரோடும் சேர்ந்து லால் பாவ்டா கலா பதக் தொடங்கினார். தமாஷா வடிவத்தை எடுத்து மில் வாசலில், சால் முற்றத்தில் அரங்கேற்றினார்கள். ஆலை ஓடும்போதே கலை அங்கே இருந்தது. ஆலையை மூடிய பிறகு கலையை வெளியிலிருந்து இறக்குமதி செய்கிறவர்களுக்கு அது தெரியாது. சொன்னாலும் அதை 'பிரச்சாரம்' என்று தள்ளிவிடுவார்கள்.

கொச்சியைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்த விஷயம் முழுமையாகாது. 2012 டிசம்பரில் கொச்சி–முசிறி பியனாலே தொடங்கியபோது அதற்கு மையம் ஆஸ்பின்வால் ஹவுஸ். மிளகும் கயிறும் தேங்காயெண்ணெயும் ஏற்றுமதி செய்த வெள்ளைக்காரக் கம்பெனியின் கோடவுன்கள். நான் ஒரு தடவை போயிருந்தேன். நல்ல வேலைகள் இருந்தன, அதை மறைக்க மாட்டேன். சும்மா வந்து நின்று பார்க்கிற மீன்காரம்மாவையும் ஆட்டோக்காரரையும் அங்கே பார்த்தேன். சென்னையில் எந்தக் கேலரி வாசலிலும் இது நடக்காது. ஆனால் அதே கரையில், மட்டாஞ்சேரியில், சரக்கு இறக்கக் காத்து நிற்கிற கூட்டத்துக்கு முன்னால் 'சாப்பா' என்கிற உலோக வில்லையைத் தூக்கி எறிவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. அந்த முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த வில்லையை நான் போன தடவை எந்த ஷெட்டிலும் பார்க்கவில்லை. அதைத் திரையில் காட்ட 2023இல் 'துறமுகம்' என்று ஒரு மலையாளப் படம் வர வேண்டியிருந்தது.

இப்போது கண்ணகி நகர். 2000த்திலிருந்து, கூவக்கரை, கால்வாய்க்கரை, ரோட்டோரம் என்று சென்னைக்குள்ளிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேல் வீடுகள். ஒற்றை அறை. கால்வாயை ஒட்டிப் பறக்கும் ரயில் 2004இல் திருவான்மியூர் வரை வந்தது, 2007இல் வேளச்சேரி போனது. ரயில் பறந்தது, கரையோரத்து ஜனங்களும் பறந்தார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை விட்டார்கள், பையன்கள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். வேலை கேட்டுப் போனால் முகவரியைக் கேட்டதும் முகம் மாறும். 1921இல் தியாகராயர் யோசனையாகச் சொன்னதை எண்பது வருஷம் கழித்துத் திட்டமாகவே நிறைவேற்றினார்கள், அவர் பெயரைக்கூடச் சொல்லாமல்.

2020இல் அந்தக் குடியிருப்பின் சுவர்களில் பிரம்மாண்டமான படங்கள் வரையப்பட்டன. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை செய்தது, பெயிண்ட் கம்பெனி ஆதரவு கொடுத்தது. 'கலை மாவட்டம்' என்று பெயர். அந்த அறக்கட்டளைதான் 2017இல் மும்பை சசூன் டாக் மீன்பிடித் துறையிலும் கண்காட்சி வைத்தது. படங்களில் சிரிக்கிற பிள்ளைகள், கிழவிகள், பூக்கள். கைவேலை சுத்தமானது. சில முகங்கள் அங்கேயே வாழ்கிறவர்களின் முகங்கள். ஒரு பாட்டி தன் தெருப் பிள்ளையின் முகத்தை நாலு மாடி உயரத்தில் காட்டி, "பாரு, எம்மாம் பெரிசா இருக்கான்" என்று பெருமைப்பட்டதை நான் கேட்டேன். அந்தப் பெருமை பொய்யில்லை. எந்த விமரிசனமும் அதைத் தட்டிப் பறிக்கக் கூடாது.

ஆனால் விமரிசகன் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. படத்துக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. சுவரில் ஈரம், உடைந்த குழாய், அதற்குப் பின்னால் ஒரு அறையில் ஆறு பேர். சுவரில் என்ன வரைவது என்று இறுதியாகத் தீர்மானித்தது யார்? ஏன் எந்தச் சுவரிலும் இடிக்கப்பட்ட குடிசை இல்லை? ஏன் லாரியில் சட்டிப்பானையோடு வந்து இறங்கிய அந்த நாள் இல்லை? சிரிப்பு மட்டுமே ஏன்? துக்கம் வரைந்தால் பெயிண்ட் விற்காது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது சுலபமான பதில். எனக்குத் தோன்றுவது வேறு. வெளியிலிருந்து வருகிற கலைஞனுக்கு நம் ஜனங்களைக் 'கவலையிலும் சிரிக்கிறவர்கள்' என்று பார்க்கத்தான் பழக்கம். கோபமாக இருக்கிற முகத்தை நாலு மாடி உயரத்துக்கு வரைய அவனுக்குப் பயம். ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014இல் வந்தது. வியாசர்பாடியில் ஒரே ஒரு சுவர், அதில் யார் படம் என்பதற்காகக் கொலை விழுகிறது. சுவர் என்றால் அதிகாரம் என்பதை அந்தப் படம் பார்த்த விடலைப் பையனும் புரிந்துகொண்டான். கண்ணகி நகர்ச் சுவர்களை 'அழகுபடுத்தல்' என்று எழுதியவர்களுக்கு மட்டும் இது புரியவில்லை.

அதே கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா என்ற பெண் இந்திய அணியில் கபடி ஆடி, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கி வந்தாள். அவளை உண்டாக்கியது ஒரு மைதானமும் ஒரு பயிற்சியாளரும் விடாத பழக்கமும். இடம் என்பது இதுதான். பார்க்கிற இடம் வேறு, புழங்குகிற இடம் வேறு.

இடத்துக்காக நாங்கள் அலைந்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பறைக்குழுவுக்கு வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு இடம் தேடினோம். கடற்கரையில் அடித்தால் ரோந்துக்காரர் வந்துவிடுவார். தென்சென்னையில் ஒரு மண்டபத்தில் கேட்டோம். வாடகை சொன்னார்கள், ஒத்துக்கொண்டோம். என்ன வாத்தியம் என்று கேட்டார்கள். சொன்னோம். "அதுக்கு இல்லீங்க, சத்தம் ஜாஸ்தி, பக்கத்துல குடும்பங்க இருக்குது" என்றார் மேனேஜர். அதற்கு முந்தின வாரம் அதே மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் வைத்துக் கல்யாணம் நடந்தது. தவில் சத்தம் குடும்பத்துக்கு மங்களம், பறைச் சத்தம் சாவு. இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, இந்த இதழ் வாசகர் ஒவ்வொருவருக்கும் இதுபோல ஒரு மண்டபம் இருக்கும்.

ஆகவேதான் பாழடைந்த ஷெட்டு எனக்கு வேண்டும். சத்தத்துக்காகவே கட்டப்பட்ட கட்டடம் அது. தறி ஓடின இடத்தில் பறை அடித்தால் எவன் குறை சொல்லுவான்? உயரமான கூரை, கனத்த தரை, சிம்புப் பயிற்சிக்கும் தெருக்கூத்துக்கும் தாராளமான இடம். பறையைக் காய்ச்சத் தீ வேண்டும். ஏ.சி. ஆடிட்டோரியத்தில் தீக்குச்சி கிழிக்க விடமாட்டான், ஷெட்டு முற்றத்தில் வைக்கோல் போட்டுக் காய்ச்சலாம்.

இடம் இல்லாமலேயே நம் ஆட்கள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக சங்கீதக்காரர் டி.எம். கிருஷ்ணாவும் குப்பத்து மக்களும் மற்றவர்களும் சேர்ந்து விழா தொடங்கினார்கள். நல்ல காரியம், ஆனாலும் சபாவிலிருந்து குப்பத்துக்கு வந்ததுதான் அங்கே செய்தி ஆயிற்று. குப்பத்துப் பாட்டு சபாவுக்குள் போனால் என்ன ஆகும் என்பதுதான் பரீட்சை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானா, பறை, ராப் எல்லாம் ஒன்றாக ஒலித்தது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் மார்கழியில் மக்களிசை தொடங்கியது. சபாக்காரர்கள் பட்டா போட்டு வைத்திருந்த மாதத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். இவையெல்லாம் வாடகை இடத்தில், சில நாள் கூத்து. மேடை பிரித்ததும் இடம் நம்மிடமிருந்து போய்விடும். வருஷம் முழுக்கப் பூட்டும் சாவியும் நம் கையில் இருக்கிற கட்டடம் வேறு விஷயம்.

சாவி என்றதும் சிலர், "அப்ப தலித்துகளுக்கு மட்டும் தனியா கேக்கிறீங்களா, அதுவும் சாதிதானே" என்பார்கள். சேரியில் கட்டிய சமூகநலக் கூடத்தில் எந்த ஊர்த்தெருக்காரன் கல்யாணம் வைத்தான்? பொது என்று பெயர் வைத்த இடத்தில் நாம் போக முடியாது, நம் இடத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். இதை மாற்ற வேண்டுமானால் பொது இடத்தின் நிர்வாகத்தில் நாம் உட்கார வேண்டும். எந்த நாளில் யாருக்கு மேடை என்று அட்டவணை எழுதுகிற பேனா நம் கைக்கும் வர வேண்டும். துப்புரவுக்கு மட்டும் நம்மை வேலைக்கு வைத்துக்கொண்டு, கண்காட்சிக்கு மேற்பார்வையாளரைப் பரோடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கூட்டி வருகிற கலைக்கூடம் மில்லைவிட மோசமானது. மில்லில் சங்கமாவது இருந்தது.

திருவான்மியூரில் மில் இல்லை. ஆனால் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. கால்வாயின் மேல் கோட்டை மாதிரிக் கட்டிவிட்டு, ரயில் ஓடத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகியும் தளம் தளமாக வெறிச்சோடி விட்டுவைத்த கட்டடங்கள் இந்தத் தடம் முழுக்க உண்டு என்பது இதில் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். பயணச்சீட்டு வாங்கிப் படியேறும்போது நம் செருப்புச் சத்தமே திரும்பிவந்து நம்மைப் பயமுறுத்தும். தொழிற்சாலையாக இல்லாவிட்டாலும் பொதுப்பணத்தில் எழும்பி ஆளில்லாமல் கிடந்த கான்கிரீட் அது. அதில் ஒரு தளத்தைக் கேட்க வேண்டும். எந்தக் கரையிலிருந்து ஜனங்களைப் பெயர்த்தார்களோ அந்தக் கரை மேலேயே நிற்கிறது, அதனால் கேட்கிற உரிமை கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் முதலில் உண்டு. முதல் காட்சிக்கு ஓவியம் வேண்டாம். 1921 புளியந்தோப்பு, சாத்தேயின் பாட்டு, மட்டாஞ்சேரி சாப்பா, இடித்த கால்வாய்க்கரைக் குடிசைகளின் ரேஷன் கார்டுகள் என்று வைக்கலாம். பின்னி மில்லில் வேலை பார்த்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைப் பதிவு செய்து ஓடவிடலாம். ரயில் போகும்போது சத்தத்தில் கொஞ்சம் கேட்காது. தறிச் சத்தத்தில் பேசிப் பழகியவர்கள், குரலை உயர்த்திக்கொள்வார்கள்.

ஒரு சின்ன விஷயம். கூட்டம் ராத்திரி பத்து மணிக்கு முடிந்தால் கண்ணகி நகருக்குத் திரும்புவதற்குப் பஸ் வேண்டும். இதைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.